வட சென்னை வீட்டுத் தோட்டத்துக்கு மண்புழுவே: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, மொட்டை மாடியில் நாலு பையாவது வைத்துச் செடி வளர்க்கும் வட சென்னைத் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

வீட்டுத் தோட்டத்தைப் பெரிதும் வாழவைப்பது கடையில் வாங்கும் உரமா, மண்புழுவா என்பது தலைப்பு. மண்புழுவே என்ற அணியில் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை வைத்துவிட்டு அமர்ந்தார். யூரியாவில் இருக்கும் சத்து புழு உரத்தில் உண்டா? ஒண்டுக் குடித்தனத்திலும் அடுக்ககத்திலும் புழு வளர்க்க இடம் ஏது? வளர்த்தாலும் நாற்றமும் பெருச்சாளியும் வராதா?

முதல் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் கணக்குச் சொல்கிறேன். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நல்ல மண்புழு உரத்தில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம். கிலோவுக்குக் கிலோ நிறுத்தால் யூரியாதான் ஜெயிக்கும். மணலியில் உரத் தொழிற்சாலையே இருக்கும் பகுதிக்காரர்கள் நாம். உரத்தின் அருமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, அந்த உரத்தை எதில் போடுவது? திருவொற்றியூர், காசிமேடு கரையோரம் தோண்டினால் மணல். ஊற்றிய தண்ணீரும் நிற்காது, போட்ட உரமும் நிற்காது, இரண்டும் சேர்ந்து கீழே போய்விடும். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் பல மனைகளில் களிமண்ணும் வீடு இடித்துக் கொட்டிய ரப்பிஷும். மழை பெய்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் வேர் அழுகும். நமக்கு முதல் குறை மண்ணில்தான் இருக்கிறது. அந்த மண்ணின் குணத்தை மாற்ற யூரியாவால் முடியாது. மண்புழுவால் முடியும் என்பதே என் வாதம்.

எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். மண்புழுவுக்குப் பல் கிடையாது. மக்கிய இலையையும் மண்ணையும் சேர்த்து விழுங்குகிறது. உள்ளே தடித்த தசைச் சுவர் கொண்ட அரைப்பை இருக்கிறது. விழுங்கிய மணல் துகள்களே அங்கே அரைகல்லாக வேலை செய்கின்றன. அரைபட்டது குடலில் நுண்ணுயிர்களோடு கலந்து, புழுவின் சளிப் பசையில் ஒட்டி, குருணை குருணையாக வெளியே வருகிறது. காய்ந்து இறுகிய குருணை ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு நீர் விடுங்கள். ஊறும், எளிதில் உடையாது. பக்கத்தில் ஒரு களிமண் கட்டியை வைத்து அதே சொட்டை விட்டால் கரைந்து கூழாகும். குருணைக்குள் ஈரம் தங்குகிறது, குருணைகளுக்கு நடுவே காற்று ஓடுகிறது. வேருக்கு இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும். மணலுக்கு இல்லாத ஈரத்தையும் களிக்கு இல்லாத காற்றையும் கொடுப்பது இந்தக் குருணைதான்.

இது புதிதாகச் சொல்லும் செய்தியும் அல்ல. 1881-லேயே டார்வின், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேற்பட்ட மண் மண்புழுக்களின் உடல் வழியாகப் போய் வருகிறது என்று கணக்கிட்டார். நம் சென்னையிலேயே டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் மண்புழு ஆராய்ச்சியில் பல ஆண்டுகள் உழைத்து, உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே உரமும், புழுப் படுகை வழியே வடிக்கும் மண்புழுக் குளியல் நீரும் எடுக்கும் முறையை மக்களிடம் கொண்டுபோனார்.

எதிரணியில் ஒரு சகோதரி, "பையில் புழுவை விட்டேன், ஒரு வாரத்தில் எல்லாம் செத்துப்போச்சு" என்றார். அவர் வருத்தம் நியாயம். ஆனால் தவறு புழுவின் மேல் இல்லை. எல்லா மண்புழுவும் ஒரே வேலை செய்வதில்லை. உரப் பெட்டிக்கென்று விற்கும் ஐசீனியா, யூட்ரிலஸ் போன்றவை மேல்மட்டப் புழுக்கள். குப்பையும் சாணமும் அவற்றின் உணவு, வெறும் மண்ணில் பட்டினி கிடக்கும். மண்ணுக்குள் துளைபோட்டு வாழும் லாம்பிட்டோ போன்றவை வேறு. அதோடு மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு. 35 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் தாங்காது. கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புப் பைக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், சகோதரி! புழு மாடிப்படிக்குக் கீழே நிழலில் இருக்கட்டும், அதன் உரம் மட்டும் மாடிக்கு ஏறட்டும்.

இடம் ஏது என்ற இரண்டாம் கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம் போதும். காசிமேட்டில் மீன் வந்து இறங்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்று கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, வெளிச் சூட்டை உள்ளே விடாது. ஆனால் உப்பு போக இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு மண்புழுவின் தோலில் பட்டால் அதோடு முடிந்தது. அடியில் விரல் நுழையும் அளவு ஆறேழு ஓட்டை, மேலே இரண்டு அங்குலம் செங்கல் ஜல்லி. அதன்மேல் நீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசிப் பிழிந்த தேங்காய் நார்க் கழிவு மூன்று அங்குலம். அலசாவிட்டால் அதிலும் உப்பு இருக்கும். அடுத்து 15, 20 நாள் ஆறிய சாணம் நாலு அங்குலம். கையை உள்ளே விட்டால் சூடு தெரியக்கூடாது. பச்சைச் சாணம் கொதிக்கும், அம்மோனியா கிளம்பும். பல வீடுகளில் புழு சாவது இங்கேதான். அரைக் கிலோ புழுவை மேலே பரப்பினால் தானே உள்ளே இறங்கிவிடும். ஈரச் சணல் சாக்கால் மூடுங்கள்.

தீனி நாளொன்றுக்குக் கால் கிலோ போதும். காய்த் தோல், வாழைப்பழத் தோல், கழுவிய டீத்தூள், கோயில் மாலையில் நாரும் ஜிகினாவும் பிரித்தெடுத்த பூ. எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, இரண்டு அங்குலத்துக்கு மேல் குவியாமல் பரப்ப வேண்டும். குவித்தால் அதுவும் சூடேறும். எலுமிச்சைத் தோல், மிளகாய், ஊறுகாய், எண்ணெய் பட்டது, சமைத்த சோறு, மீன் கழிவு கூடவே கூடாது.

இப்போது மூன்றாம் கேள்வி, நாற்றம். நன்றாக நடக்கும் பெட்டியில் மழை பெய்த மண்வாசம்தான் வரும். நாற்றம் வந்தால் தண்ணீர் கூடிவிட்டது, காற்று இல்லை என்று பொருள். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் தண்ணீரை நிறுத்திக் காய்ந்த சருகையோ கிழித்த செய்தித்தாளையோ கலந்துவிடுங்கள். எறும்பு வந்தால் பெட்டி காய்ந்துவிட்டது. ஈரப்படுத்தி, நாலு மூலைக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். இரவில் புழுக்கள் மூடிவரை ஏறினால் உள்ளே புளிப்போ சூடோ இருக்கிறது. புளிப்பு என்றால் முட்டை ஓட்டுப் பொடி ஒரு கைப்பிடி தூவுங்கள். பெருச்சாளியைக் கூப்பிடுவது சோறும் மீனும்தான். அவற்றைப் போடாமல், மூடிமேல் ஒரு கல்லும் வைத்தால் அந்தக் கவலை பெரிதாக இருக்காது.

தண்ணீர் விஷயத்தில் நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. கடற்கரையோரம் பல போர்வெல் தண்ணீர் உப்பு. அதைத் தொடர்ந்து தெளித்தால் பெட்டியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். மெட்ரோ தண்ணீரை, குளோரின் போகத் திறந்த வாளியில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுத் தெளியுங்கள்.

என் அணிக்குச் சாதகமாக இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மண்புழு ஈயத்தையோ காட்மியத்தையோ அழித்துவிடாது. ஆலையோர மண்ணையும் குப்பைமேட்டு மண்ணையும் அள்ளிவந்து, புழு விட்டால் சுத்தமாகிவிடும் என்று நம்பிக் கீரை போடாதீர்கள். உலோகம் அந்த மண்ணிலும் புழுவின் உடலிலும் அப்படியே இருக்கும். அதனால்தான் நம் சமையலறைக் கழிவிலிருந்து நாமே மண்ணை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன். 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்த கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகையை மூச்சாக இழுத்தவர்கள் நாம். நம் வீட்டுக் காய்த்தோல் அங்கே போகாமல் கத்தரிச் செடிக்குப் போவதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

45 முதல் 60 நாளில் மேல் அடுக்கு டீத்தூள் மாதிரி கறுத்துப் பொலபொலவென்று ஆகும். மூன்று நாள் தண்ணீரை நிறுத்தி, வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் புழுக்கள் அடியில் போய் ஒளியும். மேலிருந்து வழித்து, நிழலில் உலர்த்திச் சலியுங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர்கள் சாகும், பாதிப் பலன் போய்விடும். பை நிரப்பச் செம்மண், நார்க் கழிவு, மண்புழு உரம் சம பங்கு. பிறகு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி, வேரைக் கிளறாமல் மேல்மண்ணில் கலந்து சருகால் மூடுங்கள். பெட்டியின் அடியில் சொட்டும் கறுப்புக் கசிவை மண்புழுக் குளியல் நீர் என்று நினைத்து இலையில் தெளிக்காதீர்கள், அது அழுகல் நீராகவும் இருக்கலாம். புழு நிறைந்த, நன்கு மக்கிய படுகையின் வழியே நல்ல தண்ணீரை மெல்லச் சொட்டவிட்டு வடிப்பதுதான் குளியல் நீர். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

செலவைப் பற்றி எதிரணி அடுத்துப் பேசும் என்று தெரியும். உரம் தீரத் தீர வாங்க வேண்டும். புழுவை ஒருமுறை வாங்கினால் அது தானே பெருகும், பக்கத்து வீட்டுக்கும் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். திருவொற்றியூர் மணலில் ஈரத்தை நிறுத்திவைக்கும் யூரியா மூட்டை ஒன்று இருந்தால் எதிரணித் தலைவர் எழுந்து சொல்லட்டும், நடுவர் அவர்களே. பதிலுக்காக அமர்கிறேன். நன்றி, வணக்கம்.