இடுப்பில் துப்பாக்கி, வீட்டில் பர்மிட்: அமெரிக்கப் போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்?

[திரையில்: இரவு நேர நெடுஞ்சாலை. ஓரம் கட்டி நிற்கும் கார், அதன் பின்னால் போலீஸ் வண்டியின் நீல விளக்கு]

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். வேகமாகப் போன ஒரு காரைப் போலீஸ் நிறுத்துகிறது. ஓட்டுநரின் சட்டைக்கு அடியில், இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி. அப்படி மறைத்து எடுத்துச் செல்ல அவரிடம் முறையான பர்மிட் இருக்கிறது. ஆனால் அந்த அட்டை வேறொரு பேன்ட் பாக்கெட்டில், வீட்டில். போலீஸ்காரர் பர்மிட்டைக் கேட்கிறார். இவர் பாக்கெட்டைத் தடவுகிறார்.

கையில் விலங்கு விழுமா? வர்ஜீனியாவில் இதற்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை 25 டாலர். அதுவும் சிவில் அபராதம்தான், குற்றவியல் தண்டனை இல்லை. போலீஸ்காரர் ஒரு சம்மன் எழுதிக் கொடுக்கலாம். அப்புறம் கோர்ட்டுக்குப் போய், செல்லுபடியாகும் பர்மிட்டையும் அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையையும் காட்டினால், நீதிபதி அந்த 25 டாலரையும் தள்ளுபடி செய்யலாம். லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டு பைக்கில் போய் மாட்டிக்கொள்வது போலத்தான்.

[திரையில்: இரண்டு வரிகள். "பர்மிட் கையில் இல்லை: 25 டாலர்." "பர்மிட்டே இல்லை: 12 மாதம் வரை சிறை."]

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். பர்மிட்டே வாங்காமல் மறைத்து எடுத்துச் சென்றால், வர்ஜீனியாவில் முதல் தடவையே 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். இரண்டாம் தடவை பிடிபட்டால் அது ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். பர்மிட் காலாவதியானவரும் இந்த வரியில்தான் வந்து நிற்பார். அங்கே பர்மிட் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அட்டையை மறந்தவரைவிட, தேதியை மறந்தவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

சரி, சாலையோரத்தில் நிற்கும் போலீஸ்காரருக்கு இவர் எந்த வரியைச் சேர்ந்தவர் என்று எப்படித் தெரியும்? வர்ஜீனியாவில் பர்மிட் கொடுப்பது சர்க்யூட் கோர்ட். கொடுத்த விவரம் மாநிலப் போலீஸின் கணினி வலையமைப்பில் ஏறிவிடும். ரோந்து வண்டியிலிருந்தே சரிபார்க்கலாம். அபராதம் இவ்வளவு சின்னதாக இருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. கொலராடோவில் கேட்டவுடன் பர்மிட்டைக் காட்டாவிட்டால், உங்களிடம் பர்மிட் இல்லை என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இருக்கிறது என்று நிரூபிப்பது உங்கள் வேலை. கோர்ட் தேதிக்குள் நிரூபித்துவிட்டால், காட்டத் தவறியதற்கான வழக்கு தள்ளுபடியாகும். நியூயார்க்கிலும் இதே அனுமானம் உண்டு. அங்கே பயப்பட வேண்டியதற்குக் காரணமும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு வெளியில் பிடிபடுவது, குறைந்தது மூன்றரை ஆண்டு சிறைக்குரிய குற்றம். உரிமம் வைத்திருப்பவர் கடைசியில் தப்பிவிடலாம். அன்றைய இரவு எங்கே கழியும் என்பது வேறு விஷயம்.

[திரையில்: மிஷிகன் மாநில வரைபடம், 45 நாள் காலண்டர்]

மிஷிகன் வேறு ஒரு வழி வைத்திருக்கிறது. அபராதம் 100 டாலர்தான். ஆனால் துப்பாக்கியை அங்கேயே பறிமுதல் செய்யலாம். 45 நாளைக்குள் போலீஸிடம் உரிமத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தக் கெடு தாண்டினால் துப்பாக்கியே கைவிட்டுப் போகலாம். இன்னொன்றும் உண்டு: போலீஸ் நிறுத்தியதும், "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று அவர்கள் கேட்காமலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் தடவையே 500 டாலர், உரிமம் ஆறு மாதம் நிறுத்திவைப்பு. அட்டையை மறந்ததைவிட வாயைத் திறக்காததற்குத் தண்டனை பெரிது! வர்ஜீனியாவில் அப்படி முந்திக்கொண்டு சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வட கரோலினா சட்டத்தில் ஒரு விசித்திரம்: அபராதம் கட்ட விருப்பமில்லையா, பர்மிட்டையே ஒப்படைத்துவிட்டுப் போகலாம். யார் அப்படிச் செய்வார்கள் என்று தெரியவில்லை.

"இப்போதுதான் பல மாநிலங்களில் பர்மிட்டே வேண்டாமே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2021இல் டெக்சாஸ், 2023இல் ஃப்ளோரிடா என்று, 2024க்குள் 29 மாநிலங்கள் அந்தப் பக்கம் வந்துவிட்டன. ஆனால் அந்தச் சலுகை மாநில எல்லையோடு முடிந்தது. எல்லை தாண்டினால், பையில் பத்திரமாக இருக்கும் பர்மிட்டே செல்லாமல் போவதும் உண்டு. 2013இல் பென்சில்வேனியா பர்மிட்டோடு நியூஜெர்சிக்குள் போன ஒரு பெண், நிறுத்திய போலீஸிடம் தானாகவே துப்பாக்கியைப் பற்றிச் சொன்னார். கைதானார். நியூஜெர்சி அந்தப் பர்மிட்டை ஏற்பதில்லை. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் அவருக்கு விடிவு. வர்ஜீனியாவிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வரும் மேரிலாந்தும் வெளிமாநிலப் பர்மிட்டை ஏற்காது.

எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பதே உங்களுக்குக் குற்றம். பர்மிட் பேச்செல்லாம் கிரீன் கார்டுக்குப் பிறகுதான்.

[திரையில்: நோட்டரி முத்திரையிட்ட ஒரு தாள்]

அட்டை வீட்டில் இல்லை, தொலைந்தே போய்விட்டது என்றால்? வர்ஜீனியாவில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. தொலைந்துவிட்டது என்று நோட்டரி முன் எழுதிக் கையெழுத்திட்டு, பர்மிட் கொடுத்த அதே கோர்ட்டின் அலுவலகத்தில் கொடுத்தால் மாற்று அட்டை தருவார்கள். காலாவதித் தேதி பழைய அட்டையில் இருந்ததேதான்.