லஞ்சம் கொடுத்தவர் மீதும் வழக்கு வருமா? ஏழு நாள் கணக்கு

வணக்கம் மக்களே. பட்டா மாறுதல் பற்றிப் பேசிய வீடியோவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, நிலத்தை அளக்க வந்தவருக்குப் பணம் கொடுத்துவிட்டேன். வேலையும் முடிந்துவிட்டது. ஆனால் மனசு ஆறவில்லை. இப்போது புகார் கொடுத்தால் என் மீதும் கேஸ் வருமா?" கேள்வி சின்னது, பதில்தான் சங்கடமானது. வரலாம்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் பழைய வடிவத்திலும் லஞ்சம் கொடுப்பது குற்றத்துக்கு உடந்தைதான். ஆனால் கொடுத்தவர் வந்து சாட்சி சொன்னால், அந்த வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே வழக்குப் போடக் கூடாது என்று 24ஆவது பிரிவு பாதுகாப்புக் கொடுத்தது. 2018 ஜூலையில் வந்த திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. இப்போது 8ஆவது பிரிவின்படி கொடுப்பதே தனிக் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கியவருக்கு 7ஆவது பிரிவில் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு.

ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். கட்டாயப்படுத்தியதால்தான் கொடுத்தேன் என்பவர், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அவர் மீது குற்றம் இல்லை.

இந்த இடத்தில் எனக்குச் சட்டத்தோடு சண்டை. பெரிய கம்பெனி டெண்டருக்காகக் கோடிக்கணக்கில் கொடுத்தால் அது கூட்டுக் களவாணித்தனம், தண்டியுங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழுக்காக நாலு முறை அலைந்துவிட்டு, ஐந்தாம் முறை ஆயிரம் ரூபாயை நீட்டும் அம்மாவுக்கு இந்த ஏழு நாள் கணக்கு எப்படித் தெரியும்? எட்டாம் நாள் யாராவது சொல்லித் தெரிந்தால் என்ன செய்வார்? வாயை மூடிக்கொள்வார். வாங்கியவருக்கும் அதுதானே வேண்டும். நேர்மையை வளர்க்க வந்த திருத்தம், கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒரே கட்சியாக்கி வைத்திருக்கிறது.

அதனால் நான் சொல்வது, பணம் கைமாறும் முன்பே போங்கள். அதே 8ஆவது பிரிவில் இதற்கும் இடம் இருக்கிறது. விசாரணை அமைப்புக்கு முதலில் தகவல் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு உதவுவதற்காகப் பணம் கொடுத்தால் அது குற்றமே ஆகாது. பேப்பரில் படிக்கிறோமே, 'ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்துக் கையும் களவுமாகப் பிடித்தனர்' என்று, அது இப்படி நடப்பதுதான். தமிழ்நாட்டில் இதைச் செய்வது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். நம் பேச்சு வழக்கில் லஞ்ச ஒழிப்புத் துறை.

அந்த ரசாயனம் என்ன என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இதோ, மேசையில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் கிட்டக் காட்டுகிறேன், பாருங்கள். இந்த வெள்ளைப் பொடி பினாப்தலீன். ப்ளஸ் டூ லேபில் டைட்ரேஷன் செய்தவர்களுக்கு இதைத் தெரிந்திருக்கும். இந்தக் கண்ணாடி டம்ளரில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா கரைத்த தண்ணீர். பத்து ரூபாய் நோட்டில் பொடியைத் தடவி, அதிகமாக ஒட்டியிருப்பதைத் தட்டிவிடுகிறேன். பார்த்தால் ஏதாவது தெரிகிறதா? சாதாரண நோட்டு மாதிரித்தான் இருக்கிறது. இப்போது நோட்டை எண்ணுகிற மாதிரி விரலால் தள்ளுகிறேன். விரலிலும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இந்த டம்ளருக்குள் விரலை விடுகிறேன்... பார்த்தீர்களா, தண்ணீர் அப்படியே ரோஸ் கலர் ஆகிறது.

நிஜ வழக்கில் இந்தச் சோதனையைப் புகார்தாரர், சாட்சிகள் முன்னால் முதலிலேயே செய்து காட்டுவார்கள். சாட்சிகள் வேறு துறையைச் சேர்ந்த அரசு ஊழியர்கள். நோட்டுகளின் எண்களை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு சாட்சி புகார்தாரர் கூடவே போவார், என்ன கேட்டார், என்ன வாங்கினார் என்று பார்க்க. பணத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் சட்டையைக் கழற்றி வாங்கி, அந்தப் பையையும் கரைசலில் முக்குவார்கள். நிறம் மாறிய தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

சரி, கை சிவந்தால் கேஸ் முடிந்ததா? இல்லை. பணம் கையில் இருந்தது என்பது மட்டும் போதாது, அவர் கேட்டு வாங்கினார் என்பதை நிரூபிக்க வேண்டும். "கைமாத்தாகக் கொடுத்ததைத் திருப்பித் தந்தார்", "வேண்டாம் என்றேன், மேசையில் திணித்துவிட்டுப் போனார்" என்று வாதம் வரும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், முன்பகையில் ஊழியரை மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. ஆகவே இந்த நிபந்தனை தேவைதான்.

இதில் நீரஜ் தத்தா வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். டெல்லியில் 2000ஆம் ஆண்டு, கடைக்கு மின் மீட்டர் வைக்க மின் வாரிய ஊழியர் நீரஜ் தத்தா பத்தாயிரம் ரூபாய் கேட்டார் என்று புகார். வழக்கு விசாரணையில் சாட்சி சொல்வதற்குள் புகார்தாரர் இறந்துவிட்டார். அவர் இல்லாமல் 'கேட்டார்' என்பதை எப்படி நிரூபிப்பது? உச்ச நீதிமன்றத்தில் முந்தைய தீர்ப்புகள் ஒத்துப்போகவில்லை என்பதால் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2022 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு: புகார்தாரர் இறந்தாலும், பிறழ் சாட்சியாக மாறினாலும், சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்து நிரூபிக்கலாம். ஆனால் கேட்டதும் வாங்கியதும் நிரூபணம் ஆகியே தீர வேண்டும். பிறகு அந்த அளவுகோலை அதே வழக்குக்குப் போட்டுப் பார்த்தபோது ஆதாரம் போதவில்லை. 2023 மார்ச்சில் நீரஜ் தத்தா விடுதலை. நாடு முழுக்க அரசுத் தரப்பு கையில் எடுக்கிற தீர்ப்பு அவர் பெயரில் இருக்கிறது, அவரோ வெளியே. இருபத்து மூன்று வருஷம் கழித்து!

இன்னொரு விஷயம். "சார், நான் எதையும் கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை. வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் ஏதாவது கவனியுங்கள் என்பேன், அவ்வளவுதான்" என்று ஓர் ஊழியர் என்னிடமே சொன்னார். ரொம்ப இயல்பாகச் சொன்னார், அதுதான் எனக்குத் திகைப்பு. செய்த வேலை சரியானதாகவே இருந்தாலும் அதற்குப் பணம் கேட்டால் குற்றம்தான். சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் எழுதி வைத்திருக்கிறார்கள்: வழக்கமான ரேஷன் கார்டு விண்ணப்பத்தைக் காலத்தில் முடித்துத் தர ஓர் ஊழியர் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார், அவர் குற்றவாளி. விதியை மீறி யாருக்கும் கார்டு கொடுக்கவில்லை, யார் இடத்தையும் பறிக்கவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்யக் காசு கேட்டார், அதுவே போதும். இடைத்தரகர் மூலம் வாங்கினாலும் கணக்கு மாறாது, தரகருக்கும் தனிப் பிரிவு உண்டு.

பிடிபட்ட பிறகு? 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தானாகவே தற்காலிகப் பணிநீக்கம். அப்புறம் பிழைப்பூதியம், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதி மட்டும். நீதிமன்றத்தில் வழக்கு நடத்த மேலதிகாரியின் அனுமதி வேண்டும், அந்தக் கோப்பே சில சமயம் மாதக்கணக்கில் நகராது. விசாரணையை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 2018 திருத்தம் சொல்கிறது. முயலலாம்.

கமெண்ட் போட்ட நண்பருக்கு: பணம் கொடுத்த தேதியை முதலில் பாருங்கள். ஏழு நாள் தாண்டவில்லை என்றால் இன்றைக்கே எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள், கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தாண்டிவிட்டது என்றால், வழக்கறிஞர் ஒருவரிடம் பேசாமல் எங்கேயும் வாக்குமூலம் கொடுக்காதீர்கள், இங்கே கமெண்டிலும் விவரம் எழுதாதீர்கள். உங்கள் பழைய கமெண்டை நானே நீக்கிவிட்டேன். அடுத்த வீடியோவில் 17 பி மெமோ, அதாவது கடும் தண்டனைக்கான துறைக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் துறை விசாரணை எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். அரசு ஊழியர்கள் கேள்வி இருந்தால் பெயர், அலுவலகம் எதுவும் போடாமல் கேளுங்கள்.