கழுத்தில் கை வைக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். முதுகுவலி, கழுத்துவலி இரண்டும்தான் என் அன்றாடம். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், சேகோ ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள், ஏற்காட்டுச் சரிவில் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள் என்று முதுகைக் கொடுத்துச் சம்பாதிக்கிறவர்கள் நிறைந்த ஊர் இது. இவர்களில் பலர் இப்போது கைப்பேசியை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டுகிறார்கள். ஒருவர் படுத்திருப்பார், இன்னொருவர் அவர் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு திருப்புவார், 'டக்' என்று சத்தம் வரும், படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார். "இதே மாதிரி சொடக்கு எடுத்துவிட முடியுமாங்க?" என்று கேட்கிறார்கள். சில பெற்றோர், "பொண்ணு ப்ளஸ் டூ முடிக்கப்போறா, இதைப் படிக்க வைக்கலாமா?" என்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னாலே முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும், அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலுக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில், டி. டி. பால்மர் என்பவர் தொடங்கியது. 1913-ல் கன்சாஸ் மாநிலம் இதற்கு முதன்முதலாக உரிமச் சட்டம் கொண்டுவந்தது, கடைசியாக வந்தது லூசியானா, 1974-ல். அதாவது கையால் முதுகெலும்பைத் தொடுகிற ஒருவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று அந்த நாடு முழுக்கச் சட்டம் வருவதற்கே அறுபது வருடம் ஆகியிருக்கிறது.

இன்று அங்கே டி.சி., அதாவது டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக் என்ற பட்டம் வாங்காமல் உரிமத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அந்தக் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே, பொதுவாக மூன்று வருடக் கல்லூரிப் படிப்புக்குச் சமமான 90 செமஸ்டர் மணிகள் (அங்கே கல்லூரிப் பாடங்களை அளக்கும் அலகு இது, கடிகார மணி இல்லை) முடித்திருக்க வேண்டும், அதில் 24 மணி உயிரியல், வேதியியல், இயற்பியல் மாதிரியான அறிவியல் பாடங்கள், அதிலும் பாதி ஆய்வகத்தோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். அப்புறம்தான் டி.சி. படிப்பு, நான்கு கல்வியாண்டு, குறைந்தது 4,200 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரம் என்று கணக்குப் போட்டால்கூட எழுநூறு நாள் வருகிறது. வார இறுதியில் ஒரு ஓட்டலில் கூட்டி, இரண்டு நாளில் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சிகளைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

அத்தனை மணி நேரம் அவர்கள் என்ன படிக்கிறார்கள்? உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், நரம்பியல். இறந்த உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் வகுப்பும் உண்டு. எக்ஸ்ரே படிப்பதற்குத் தனியாக நிறைய நேரம் ஒதுக்குகிறார்கள், அதற்குக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கையால் எலும்பை அசைக்கும் முறையை முதலில் மாணவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பழகுகிறார்கள். சில கல்லூரிகளில், கை கொடுக்கும் விசை எவ்வளவு என்று அளந்து காட்டும் மேசைகளே இருக்கின்றன. வேகமும் அழுத்தமும் எவ்வளவு என்று கைக்கே பழக்கம் ஆக வேண்டுமே!

இதற்குப் பிறகு கல்லூரியின் புறநோயாளிப் பிரிவில் உண்மையான நோயாளிகளைப் பார்க்கும் கட்டம். உரிமம் பெற்ற மூத்தவர் ஒருவர் கூடவே இருப்பார், மாணவர் நோயாளியின் கதையைக் கேட்டு, சோதித்து, என்ன என்று முடிவு செய்து, மூத்தவர் சரி என்ற பிறகுதான் கை வைக்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் முழுப் படிப்புக்கு 4,200 மணி நேரம் என்றும், அதில் மேற்பார்வையோடு கூடிய மருத்துவப் பயிற்சி மட்டும் 1,000 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் இருக்கிறது.

பட்டம் வாங்கியும் வேலை முடிவதில்லை. அமெரிக்காவில் கைரோபிராக்டர்களுக்கான தேசிய வாரியத்தின் தேர்வு நான்கு பகுதி. முதல் பகுதியில் அடிப்படை அறிவியல், இரண்டாவதில் நோய் கண்டறிதலும் எக்ஸ்ரே போன்ற படங்களும் சிகிச்சையும், மூன்றாவதில் நோயாளிகளின் கதையைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகள். நான்காவது செய்முறை. நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர் எதிரில் இருப்பார், நீங்கள் என்ன கேட்கிறீர்கள், எப்படிச் சோதிக்கிறீர்கள் என்பதற்கு மதிப்பெண். அதற்கு மேல் அந்தந்த மாநிலத்தின் உரிமம், பல இடங்களில் அந்த மாநிலத்துச் சட்டத்தில் தனித் தேர்வு, உரிமம் கிடைத்த பிறகும் அதைப் புதுப்பிக்கத் தொடர் கல்வி.

எக்ஸ்ரேவுக்கு ஏன் அவ்வளவு நேரம் என்றேனே, அதுதான் எனக்கு முக்கியமான இடம். யாரைத் தொடக் கூடாது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் படிப்பின் பெரிய பங்கு. முதுகுவலி என்று வருகிறவருக்கு முதுகெலும்பில் காசநோய் இருக்கலாம், நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. வேறெங்கோ இருந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கலாம். வயதான அம்மாவுக்கு எலும்பு தேய்ந்து, வழுக்கி விழுந்ததில் விரிசல் விட்டிருக்கலாம். இரவில் படுத்தாலும் குறையாத வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, காலில் பலம் இழப்பது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இவற்றில் எது இருந்தாலும் சொடக்கு எடுக்கும் பேச்சே கிடையாது, நேராக ஆஸ்பத்திரி. கழுத்தில் இன்னொரு ஆபத்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது. அரிதாகத்தான் நடக்கும், ஆனால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடியது. கழுத்தைத் திருப்பிய பிறகு தலைசுற்றல், பேச்சு குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது என்று ஏதாவது வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

அந்த 'டக்' சத்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமே கிடையாது. மூட்டு சட்டென்று விலகும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குமிழி உண்டாகிறது, அவ்வளவுதான். சத்தத்துக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். முதுகெலும்பு விலகுவதால்தான் எல்லா நோயும் வருகிறது என்ற பழைய கொள்கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அந்தத் தொழிலிலேயே இருக்கிறார்கள். பிரிட்டனில் 1994 சட்டப்படி அமைந்த பொது கைரோபிராக்டிக் கவுன்சிலே, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2010-ல் சொல்லிவிட்டது. இடுப்புவலிக்கு இந்தச் சிகிச்சையால் ஓரளவு பலன் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆஸ்துமாவுக்கும் சர்க்கரைக்கும் முதுகைத் திருப்புகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் கைரோபிராக்டருக்கென்று தனி உரிமச் சட்டம் இல்லை. 2021-ல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தில் பிசியோதெரபி இருக்கிறது, கைரோபிராக்டிக் தனியாக இல்லை. அதனால் வெளிநாட்டில் ஆறேழு வருடம் படித்து வந்தவரும், வீடியோ பார்த்துப் பழகியவரும் ஒரே மாதிரி பலகை மாட்டலாம். இது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தக் கல்லூரி, எந்த நாட்டு உரிமம், பதிவு எண் என்ன? பிரிட்டன், ஆஸ்திரேலியா பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம், அமெரிக்க மாநில வாரியங்களிலும் அப்படித்தான். கேட்டதும் கோபப்படுகிறவரிடம் கழுத்தைக் கொடுக்க வேண்டாம். முடிவெட்டிய கையோடு கழுத்தைத் திருப்பிவிடுவதும் வேண்டாமே, அந்தத் தம்பி அன்போடுதான் செய்கிறார், ஆனாலும் வேண்டாம்.

பிள்ளைகளைப் படிக்க வைக்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை இது. வெளிநாட்டிலேயே வேலை பார்ப்பது என்று உறுதியாக இருந்தால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் இருக்கிறது. பக்கத்தில் என்றால் கோலாலம்பூரில் ஐ.எம்.யு. பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டும் முன்பே, வேலை பார்க்கப்போகும் நாட்டில் அந்தப் பட்டத்துக்கு உரிமம் கிடைக்குமா என்று அந்த நாட்டு வாரியத்துக்கே எழுதிக் கேளுங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். சேலத்திலேயே இருந்து நம் மக்களுக்குச் செய்ய வேண்டும் என்று பொண்ணு நினைத்தால் பிசியோதெரபி இளங்கலையான பி.பி.டி. படிக்கட்டும், பிறகு முதுகலையான எம்.பி.டி.-யில் எலும்பு, தசை சார்ந்த பிரிவை எடுத்தால் கையால் செய்யும் சிகிச்சையை முறையாகவே கற்றுக்கொள்ளலாம், பதிவும் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அந்தக் கல்லூரியின் அங்கீகாரத்தையும், பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரியோடு இணைந்திருக்கிறது என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். வணக்கம்.