பிறந்த பிள்ளைக்குப் பெரியவர் அளவுகோல்

வணக்கம். முப்பது வருடம் நுணுக்குக்காட்டிக்கு மேல் குனிந்திருந்த கழுத்து இது. ஒலிவாங்கிக்கு முன்னால் நிமிர்ந்திருக்கக் கொஞ்சம் பஞ்சிப்படுகிறது.

ஒருநாள் பின்னேரம் ஒரு தகப்பன் ஓடிவந்தார். முதல்நாள் பிறந்த பெண்பிள்ளை. எங்கோ வெளியில் செய்வித்த இரத்த றிப்போட் கையில். வெண்குழியம் 18,000, பக்கத்தில் ‘கூட’ என்று அடையாளம். “மிஸ், பிள்ளைக்குக் கான்சரோ?” என்று கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. கூட வந்த அம்மம்மா, “நான் அப்பவே சொன்னனான், இது நாவூறுதான்” என்கிறா. பிள்ளையோ பால் குடித்துவிட்டு நல்ல நித்திரை.

பிழை இரத்தத்தில் இல்லை, றிப்போட்டில். பெரியவர்களுக்குரிய அளவு அதில் அச்சடித்திருந்தது: 4,000 முதல் 11,000 வரை. பிறந்த பிள்ளைக்கு 9,000 முதல் 30,000 வரை இருக்கலாம். இதை அவருக்கு மூன்று தரம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், பிறந்த பிள்ளையின் அளவு வேறு.

நொதியங்களும், அதாவது உடம்பின் இரசாயன வேலைகளை விரைவாக்கும் புரதங்களும், அப்படித்தான். அல்கலைன் பொஸ்படேசு என்றொரு நொதியம். சாயமிட்டு 100 வெண்குழியங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி போடுவோம். சுகமான பிறந்த பிள்ளைக்குப் பெரியவர்களைவிடக் கூடத்தான் வரும்.

இன்னொன்று எனக்குப் பிடித்த நொதியம், மைலோபெரொக்சிடேசு. மாரிவெள்ளம் வடிந்தபின் பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து கிணற்றுக்குக் குளோரின் போடுவார் அல்லவா? கிருமியை விழுங்கிய வெண்குழியமும் உடம்பிலுள்ள உப்பின் குளோரைட்டை எடுத்து அதே சரக்கைத்தான் செய்கிறது, ஐப்போகுளோரசு அமிலம். சீழ் பச்சை பூத்திருக்கிறதே, அது இந்த நொதியத்தின் நிறம். நிறைமாதப் பிள்ளையிடமும் இது இருக்கிறது. ஆனால் கிருமி புகுந்த இடத்துக்கு அந்த வெண்குழியங்கள் மெதுவாகத்தான் போய்ச் சேரும், எலும்பு மச்சையில் கையிருப்பும் குறைவு. ஆகவே பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ சோர்ந்து கிடந்தாலோ கைவைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் வராமல் உடம்பு குளிர்ந்தும் போகலாம்.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி மணிக்கூட்டைக் காட்டுகிறார். சரி, ஒன்றே ஒன்று. ஜி-6-பி-டி என்ற நொதியம் குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்தால் தெரியாது. பெட்டகத்தில் பூச்சி உருண்டை போட்டு வைத்த பழைய வேட்டியில் சுற்றினால், அவர்களுக்குச் செங்குழியம் உடைந்து மஞ்சட்காமாலை கூடிவிடலாம். அம்மம்மாமார் கோபிக்கவேண்டாம், வேட்டியை மாற்றுங்கள். வணக்கம்.