அதலைக்காய் கொடி ஓடும் காடு

நேயர்களுக்கு வணக்கம். எனக்குத் தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் பக்கம் ஒரு சின்ன ஊர். ஐந்து ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருக்கிற சம்சாரி, அதாவது விவசாயி நான். சொந்த ஊரில் இருப்பதில் என்ன நிறைவு என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நிறைய இருக்கிறது, சொல்கிறேன்.

எங்கள் பக்கம் புஞ்சையைக் காடு என்போம். கண்ணுக்கு எட்டுகிற மட்டும் கறுப்பு மண், நடுவே எங்காவது ஒரு மஞ்சணத்தி நிற்கும். சித்திரை மாதம் விருந்தாட வருகிற சொந்தக்காரர்கள், ‘இந்த வெக்கையில் எப்படித்தான் இருக்கிறீர்களோ’ என்பார்கள். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், உள்ளே கை நுழைகிற அளவுக்கு. எனக்கு அதைப் பார்க்க வருத்தமே வராது. முதல் மழை அந்த வெடிப்பு வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்கும். நனைந்ததும் மண் உப்பி, வெடிப்பு தானாக மூடிக்கொள்ளும். குடித்த தண்ணீரைக் கரிசல் லேசில் விடாது. மழை நின்ற பிறகும் அந்த ஈரத்திலும் மார்கழிப் பனியிலுமே கொத்தமல்லி விளைந்துவிடும். கிணறு இல்லாத நாங்கள் வெள்ளாமை பார்ப்பது இதை நம்பித்தான்.

எங்கள் மாவட்டத்துக்கு வருஷ மழை 650 மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. அதனால் புரட்டாசியிலேயே, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாதபோது, காய்ந்த புழுதியில் உளுந்தையும் பாசியையும் கம்பையும் விதைத்துவிடுவோம். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நாட்களில் ஊரே ஒரே பேச்சாக இருக்கும்: காற்று திரும்பிவிட்டதா?

மழை விழுந்த பத்துப் பதினைந்து நாளில் வரப்போரம் அதலைக்காய்க் கொடி ஓட ஆரம்பிக்கும். யாரும் விதைப்பதில்லை. கோடை முழுக்க அதன் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும், ஈரம் பட்டதும் முளைத்துவிடும். விரல் நுனி பருமனில், இரண்டு பக்கமும் கூம்பிய காய். பாகற்காய்க்குத் தங்கச்சி என்று சொல்லலாம், கசப்பும் அப்படித்தான். எங்கள் அம்மா காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் போட்டுக் கடலெண்ணெயில் சுருள வதக்குவார்கள். கம்மஞ்சோற்றுக்கு அதைவிட என்ன வேண்டும்? பறித்து வைத்தால் ஓரிரு நாளில் காய் வெடித்துவிடும். தூர ஊருக்கு அனுப்ப முடியாது. தின்ன ஆசைப்பட்டால் இங்கேதான் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

கஷ்டம் இல்லையா என்றால், உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, எங்களுடைய ஒரு வருஷ மழையைவிட அதிகம். என் காட்டிலும் தண்ணீர் கட்டி நின்றது. கரிசலில் நின்ற தண்ணீர் சட்டென்று வடியாது. அறுப்புக்கு வந்த உளுந்து செடியிலேயே முளைவிட்டுக் கறுத்துப்போனது. இழப்பீட்டுக்கு நடந்த நடையைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தை மாதம் பக்கத்துக் காட்டு அண்ணாச்சி, தன் மேட்டுக்காட்டில் தப்பிய கம்பில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் இறக்கினார். காசுப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு செம்பு மோர் குடித்துவிட்டு, ‘அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எங்கள் பிள்ளைகள் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். பொங்கலுக்கு வரும்போது அவர்களுக்கென்று மிதுக்கு வத்தல், அதாவது காயவைத்த மிதுக்கங்காய், எடுத்து வைத்திருப்பேன்.

இந்த வருஷம் விதைப்பு போன வாரம்தான் முடிந்தது. இன்றைக்கு இங்கே வரும் வழியில் பஸ் ஜன்னலில் கிழக்கே பார்த்தேன், அடிவானம் லேசாக மங்கியிருந்தது. சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேண்டும். வணக்கம்.