பின்கோடு பார்த்துக் குணம் சொல்ல முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். ஆளுமை பற்றிய உளவியல் கோட்பாடுகள், ஆளுமையை அளக்கும் முறைகள், இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கேட்டதுமே ரேடியோவை அணைக்கப் போனவர்கள் கொஞ்சம் பொறுங்கள், காலேஜ் பாடம் எடுக்க நான் வரவில்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் டிகிரி முடித்துவிட்டு வேலைக்கு அலைகிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "கணக்கு, இங்கிலீஷ் எல்லாம் எழுதிட்டேன் மேடம், அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒரு நூறு கேள்வி வருது, உனக்குக் கோபம் வருமா, கூட்டத்துல பேசுவியா, சொன்ன வேலையை முடிப்பியான்னு. அதுக்கு என்ன போட்டா பாஸ்?"

அந்த டெஸ்டில் பாஸ், ஃபெயில் கிடையாது. ஆனால் அதை வைத்து ஆளை எடுக்கிறார்கள், ஒதுக்குகிறார்கள் என்பதும் உண்மைதான். அதற்கும் முன்னால் ஒன்று நடக்கும். பயோடேட்டாவில் முகவரியைப் படித்துவிட்டு "ஓ, அந்தப் பக்கமா?" என்று இழுப்பார்கள் பாருங்கள், அதுவும் ஆளுமைத் தேர்வுதான், ஒரு கேள்விகூடக் கேட்காமலே மார்க் போட்டு முடித்த தேர்வு. வட சென்னைப் பையன் என்றால் முரடன், சத்தமாகப் பேசுவான், ஆனால் நட்புக்காக உயிரையே கொடுப்பான் என்று ஊரே சேர்ந்து எழுதி வைத்திருக்கிறது. கடைசியில் சேர்த்த அந்தப் பாராட்டைக் கேட்டு நாமும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுகிறோம், அதுதான் எனக்கு எரிச்சல்.

ஏன் தலையாட்டுகிறோம்? 1948ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, இதுதான் உன்னுடைய ரிசல்ட் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து, உனக்கு இது எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மார்க் போடு என்றார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள், அதில் இருந்த வாக்கியங்கள் கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. மற்றவர்கள் உங்களை மதிக்க வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள், வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுவீர்கள், இந்த மாதிரி. யாருக்குப் பொருந்தாது சொல்லுங்கள்? மண்ணடி பிளாட்பாரத்தில் கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டும், செல்போனில் பத்துக் கேள்வி கேட்டு "நீங்கள் எப்படிப்பட்டவர்" என்று சொல்லும் விளையாட்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

நாலு இங்கிலீஷ் எழுத்தில் உங்கள் குணத்தைச் சொல்லும் மையர்ஸ் பிரிக்ஸ் டெஸ்ட் இன்னும் பல கம்பெனிகளில் ஓடுகிறது. கார்ல் யுங் 1921ல் எழுதிய மனவகைகள் பற்றிய நூலைப் படித்துவிட்டு கேத்தரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் மையர்ஸ் என்ற இரண்டு பேர் உருவாக்கியது, இருவருமே உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. படிக்காதவர் செய்ததால் தப்பு என்று சொல்ல வரவில்லை, சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்தரை அடியில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே இருப்பவன் எல்லாம் நெட்டை, கீழே இருப்பவன் எல்லாம் குட்டை என்று பிரித்தால் எப்படி இருக்கும்? கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி நிற்பவர்கள்தான் ஊரில் பாதிப் பேர். குணமும் அப்படித்தான், பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறோம். அதனால் சில வாரம் கழித்து அதே ஆள் அதே டெஸ்டை எழுதினால் வேறு வகையில் விழுவது சாதாரணமாக நடக்கிறது.

சரி, ஆராய்ச்சி செய்கிறவர்கள் எதை நம்புகிறார்கள்? கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்ற இருவர் 1936ல் இங்கிலீஷ் அகராதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மனிதனை விவரிக்கிற சொற்களை எண்ணினார்கள், கிட்டத்தட்ட 18,000 வந்தது. ரேமண்ட் கேட்டல் அதைக் குறைத்துக் குறைத்து 16 பண்புகளில் கொண்டுவந்து நிறுத்தினார். ஹான்ஸ் ஐசங்க் அவ்வளவெல்லாம் வேண்டாம், முதலில் இரண்டு போதும் என்றார், பிறகு மூன்றாவதைச் சேர்த்தார். லூயிஸ் கோல்ட்பர்க், பால் கோஸ்டா, ராபர்ட் மெக்ரே போன்றவர்களின் வேலையால் 1980, 90களில் ஐந்து என்ற கணக்குக்குப் பெரும்பாலோர் வந்து சேர்ந்தார்கள்: புதியதைத் தேடுவது, பொறுப்பாக இருப்பது, ஆட்களோடு கலகலப்பாகப் பழகுவது, இணங்கிப் போவது, சீக்கிரம் பதறிப்போவது. ஐந்தும் எல்லாரிடமும் இருக்கும், அளவுதான் மாறும். இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி பிறவியோடு வருகிறது என்கின்றன. வயது ஏற ஏற சராசரியாகப் பொறுப்பு கூடுகிறது, பதற்றம் குறைகிறது. இருபது வயதில் ஊர் சுற்றுகிறான் என்று புலம்பும் அம்மாக்கள் கவனிக்க.

இதை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு வாக்கியம் வரும், ‘எப்போதும் தயாராக இருப்பேன்’ என்று. கொஞ்சமும் சரியில்லை என்பதற்கு 1, முழுக்கச் சரி என்பதற்கு 5, இடையில் 2, 3, 4. கொஞ்சம் தள்ளி இன்னொரு வாக்கியம், ‘என் சாமான்களை அங்கங்கே போட்டுவிடுவேன்’. இதுவும் பொறுப்பை அளக்கிற வாக்கியம்தான், ஆனால் தலைகீழ், இதில் 5 போட்டால் அவர்கள் அதை 1 ஆக மாற்றிக்கொள்வார்கள். பார்க்காமலே எல்லாவற்றுக்கும் 5 தட்டுகிற ஆளை இதை வைத்தே பிடித்துவிடலாம். இப்படிப் பத்து வாக்கியங்களின் மதிப்பெண்ணைக் கூட்டினால் ஒரு ஸ்கோர் வரும்.

இப்போது அந்தச் சாமான் கேள்விக்கே திரும்பி வாருங்கள். ஹவுசிங் போர்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிற வீடு, ராத்திரி பாய் விரிக்க வேண்டுமென்றால் சாயங்காலமே எல்லாவற்றையும் மடித்துப் பரணில் ஏற்றியாக வேண்டும். அந்த வீட்டுப் பையன் சாமானை எங்கே போட்டு வைப்பான்? தனக்கென்று ஒரு ரூம் இருக்கிறவனை மனதில் வைத்து எழுதிய கேள்வி அது. ‘பார்ட்டிகளில் பலரோடு பேசுவேன்’ என்று இன்னொன்று. நம்ம ஊரில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது, இதையெல்லாம் பார்ட்டியில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு பொண்ணு என்னிடம் கேட்டாள், நியாயமான கேள்வி.

ஸ்கோர் 34 என்று வந்தால் அதற்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. யாரோடு ஒப்பிட்டு 34 என்பதுதான் விஷயம். அமெரிக்கக் காலேஜ் பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டால் ஒரு படம் வரும், தமிழ்நாட்டில் அதே வயதில் வேலை தேடுகிறவர்களோடு ஒப்பிட்டால் வேறு படம் வரும். அந்த ஐந்து என்ற கணக்கே எல்லா ஊரிலும் செல்லுபடியாகுமா என்று பொலிவியாவில் காட்டை நம்பி வாழும் சிமானே மக்களிடம் சோதித்துப் பார்த்தார்கள், 2013ல் முடிவு வெளியானது, அங்கே ஐந்தும் ஐந்தாகப் பிரிந்து வரவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய அடி 1968ல் விழுந்தது. வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டுச் சொன்னார்: டெஸ்டில் வரும் பண்புக்கும், ஒரு குறிப்பிட்ட சூழலில் அந்த ஆள் நடந்துகொள்வதற்கும் உள்ள தொடர்பு 0.30ஐத் தாண்டுவதே அபூர்வம். முழுப் பொருத்தம் என்றால் 1, அதை நினைவில் வைத்துக்கொண்டால் இது எவ்வளவு சின்னது என்று புரியும். 1920களிலேயே ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்து, பரீட்சையில் காப்பி அடிக்கிறவன் விளையாட்டிலும் ஏமாற்றுவான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று காட்டியிருந்தார்கள்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போய்ப் பாருங்கள். வஞ்சிரம் கூடைக்கு ஒரு அக்கா விலை கேட்கிற தோரணையைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கவே யோசிப்பார். அதே அக்கா பத்து மணிக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் கடைசி பெஞ்சில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்பார். இவர் கலகலப்பானவரா, கூச்சக்காரரா? இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்பதே தப்பு என்பார் மிஷெல். பின்னாளில் அவரும் யூய்ச்சி ஷோடாவும் ஒரு கோடைக்கால முகாமில் பிள்ளைகளை நாள் கணக்காகக் கவனித்தார்கள். ஒரு பையன் கூட இருக்கிற பசங்க சீண்டினால் பாய்வான், பெரியவர்கள் அதட்டினால் அடங்கிவிடுவான், இன்னொருவன் நேர் எதிர். இரண்டு பேரும் மொத்தத்தில் ஒரே அளவு கோபக்காரர்களாக இருக்கலாம். எப்போது எது நடந்தால் என்ன செய்வான் என்பதுதான் அந்தந்தப் பிள்ளையின் தனி முத்திரை, அது மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்று 1995ல் எழுதினார்கள்.

அப்படியானால் டெஸ்ட் எல்லாம் வீணா? இல்லை, அங்கேதான் நான் மிஷெலிடமிருந்து கொஞ்சம் விலகுகிறேன். ஒரு நாள், ஒரு சம்பவம் என்று பார்த்தால் பண்பு தெரியாது, ஐம்பது நாளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் தெரியும். பொறுப்பு அதிகம் என்று ஸ்கோர் வாங்கியவர்கள் மொத்தத்தில் வேலையையும் நன்றாகச் செய்கிறார்கள், தொடர்பு சின்னதுதான், ஆனால் தொழில் எதுவானாலும் வருகிறது. ஆயிரம் பேரை எடுக்கிற கம்பெனிக்கு அது உதவும். ஒரே ஒரு பையனின் தலையெழுத்தை எழுத அது போதாது.

ஃபிராய்டைப் பற்றிப் பேசாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். ஆசை ஒரு பக்கம் இழுக்கும், ஊர் என்ன சொல்லும் என்பது இன்னொரு பக்கம் இழுக்கும், நடுவில் ஈகோ, அதாவது திமிர் இல்லை, ‘நான்’ என்கிற பகுதி, சமாளிக்கும் என்று 1923ல் அவர் போட்ட படம் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அதைச் சோதித்துச் சரியா தப்பா என்று சொல்வதுதான் கஷ்டம். மனதின் அடியில் இருப்பதை வெளியே கொண்டுவரலாம் என்ற அந்த நம்பிக்கையின் வாரிசுகளாக இரண்டு சோதனைகள் இன்றைக்கும் இருக்கின்றன. ஒன்று, சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921ல் வெளியிட்ட மைக்கறை அட்டைகள். மொத்தம் பத்து, ஐந்து கறுப்பு சாம்பல், இரண்டில் சிவப்பு கலந்திருக்கும், மூன்று பல வண்ணம். இது என்னவாகத் தெரிகிறது என்று கேட்பார்கள். நன்றாக இருப்பவர்களையும் நோயாளி போலக் காட்டிவிடுகிறது என்ற புகார் இதன் மேல் ரொம்ப நாளாக உண்டு, எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இன்னொன்று ஹென்றி முர்ரே, கிறிஸ்டியானா மார்கன் உருவாக்கிய படக்கதைச் சோதனை. பட்டாளத்தில் ஆபீசர் தேர்வுக்குப் போன நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இது பழக்கமாக இருக்கும்: படத்தை 30 வினாடி காட்டுவார்கள், நாலு நிமிடத்தில் கதை எழுத வேண்டும், 12வது முறை வெறும் வெள்ளைத்தாள். கோச்சிங் சென்டரில் கதையை மனப்பாடம் செய்து போகிறார்கள், வெள்ளப் படமோ ஆஸ்பத்திரிப் படமோ எது வந்தாலும் கதாநாயகன் ஓடிப்போய் ஊரைக் காப்பாற்றிவிடுவான். தேர்வாளர் எத்தனை கதாநாயகர்களைத்தான் பார்த்திருப்பார்!

எனக்குப் பிடித்தவர் ஆல்பர்ட் பண்டுரா. என்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆளுக்கு மொத்தமாக ஒன்று இருப்பதில்லை, வேலைக்கு வேலை மாறும் என்றார். பாக்சிங் ரிங்கில் மூன்று ரவுண்டு அசராமல் நிற்கிற பையன் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீசில் ஏசிக்கு நடுவே "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் வியர்த்துப்போகிறான். அது அவன் குணம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அவன் அந்த மாதிரி அறைக்குள் போவதே முதல் முறை. சின்னச் சின்னதாகச் செய்து ஜெயிக்க ஜெயிக்க இந்த நம்பிக்கை வளரும் என்பதும் பண்டுரா சொன்னதுதான், அதனால் நாலு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள்.

டெஸ்ட் எழுதப் போகிறவர்களுக்கு: வீட்டில் எப்படி, நண்பர்களோடு எப்படி என்றெல்லாம் கலந்து யோசிக்காதீர்கள், காலேஜிலோ பகுதிநேர வேலையிலோ நீங்கள் நடந்துகொண்டதை நினைத்துப் பதில் போடுங்கள். "வேலையில்" என்று சேர்த்துக் கேட்டால் டெஸ்டே நன்றாக வேலை செய்கிறது என்று ஆய்வு சொல்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் 3 போட்டு நழுவாதீர்கள். நான் வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை, யார் மேலும் கோபப்பட்டதில்லை என்பது போன்ற வாக்கியங்களுக்கு முழுக்கச் சரி என்று போடாதீர்கள், சும்மா நல்லவன் வேஷம் போடுகிறவரைப் பிடிக்கவே அவை இருக்கின்றன. ரிசல்ட் கொடுத்தால் யாரோடு ஒப்பிட்டீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இந்த உரைக்கு முன்பே ஒரு அம்மா கேள்வி அனுப்பியிருந்தார், பிளஸ் டூ படிக்கிற மகன் கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை, தூங்குவதில்லை, ஆளுமை டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்று. வேண்டாம்மா. முன்பிருந்தே அமைதியான பிள்ளை என்றால் அது அவன் சுபாவம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் மாறிப்போனால் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கிறது. அதுவரை போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.