எட்டு வசனம் போதும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மணி ஐந்தேகால். அரசரடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே பால்காரர் வண்டி வந்துவிட்டது. தெரு விழிப்பதற்குள் பேசிவிடுகிறேன்.

"அக்கா, வேதம் வாசிக்க உட்கார்ந்தால் மனசு நிற்கவே மாட்டேங்குது, என்ன செய்ய?" இதை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் தவித்தேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கி வேதாகமத்துக்குள் வைப்பேன். இந்த வருஷம் முழு வேதத்தையும் முடித்துவிடுவது என்று தீர்மானம். மொத்தம் 1,189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. பிப்ரவரி பிறக்கும்போது மூன்றாவது புத்தகமான லேவியராகமம், அதோடு நின்றுபோகும். விட்ட நாள்களுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் பத்து அதிகாரம் ஓட்டுவேன். மூடி வைத்ததும் ஒன்றும் நினைவில் இருக்காது. ஜெபிக்க வாய் வராது.

உசிலம்பட்டிப் பக்கம் இருந்த என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நிலக்கடலை உடைப்பார். பெருவிரலால் ஒரு நசுக்கு, காய் பட்டென்று வெடிக்கும். பருப்பு முறத்துக்கு, தொலி சாக்குக்கு. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்ட வசனம். அதில் பாதிதான் நினைவிருக்கும். அந்தப் பாதியையே வாரம் முழுக்கச் சொல்லுவார்.

வேதாகமத்தில் சங்கீதம் என்ற பாட்டுப் புத்தகம் இருக்கிறது. அதன் முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று வருகிறதே, அங்கே மூலமொழியான எபிரெயுவில் இருக்கிற சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா புத்தகம் 38ஆம் அதிகாரத்தில் எசேக்கியா ராஜா வியாதியில் புறாவைப்போல் புலம்புவதும் இதே சொல். 31ஆம் அதிகாரத்தில் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதும் இதேதான். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு அந்த முற்றம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ, வாசிப்பது உணவை வாயில் வைப்பது, தியானிப்பது அதை மெல்லுவது என்று எழுதினார். அப்பத்தா மென்றுகொண்டிருந்தார். நான் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது நான் செய்வது இவ்வளவுதான். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி. ஒரு நாளைக்கு ஒரு பகுதி, வாய்விட்டு, மெதுவாக. எந்த வார்த்தை மனசைப் பிடிக்கிறதோ அங்கேயே நின்றுவிடுவேன். மிச்சம் இருந்தால் இருக்கட்டும். முதல் மூன்று வசனத்தைத் தாண்டினால் இந்தச் சங்கீதம் ஏறக்குறைய முழுவதும் ஆண்டவரைப் பார்த்து "நீர்", "உமது" என்று பேசுவதுதான். வாசிக்கும்போதே ஜெபமாகிவிடும். தனியாக வார்த்தை தேட வேண்டியதில்லை.

போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து 25ஆம் வசனத்துக்கு வந்தேன். "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது." அதற்கு மேல் போக முடியவில்லை. மூன்று ராத்திரி அந்தப் பாதியைத்தான் சொன்னேன். ஆண்டவரிடம் சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை, அது பொய்யும் இல்லை. நான்காம் நாள் விடியற்காலையில்தான் "உமது வசனத்தின்படி என்னை உயிர்ப்பியும்" என்று மீதி வாயில் வந்தது. அப்போது அம்மா இன்னும் கண் விழித்திருக்கவில்லை.

அம்மா இப்போது கீழே காபி போடுகிறார், டம்ளர் சத்தம் கேட்கிறது. இன்றைக்கு எனக்கு நான்காவது பகுதி, 25 முதல் 32 வரை. கேமராவை அணைத்துவிட்டு வாசிக்கப் போகிறேன். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.